குழந்தை யாரிடம் இருக்கட்டும்: பஞ்சாயத்தா, சமரசமா, வழக்கா?

திருப்பூரில் வேலை பார்க்கும் ஒரு தகப்பனார் எழுதியிருக்கிறார். மனைவி ஏழு மாதத்துக்கு முன்னால் நாலு வயது மகளைக் கூட்டிக்கொண்டு தேவகோட்டையில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். இவர் இரண்டு முறை போய் வாசலோடு திரும்பியிருக்கிறார். போன் செய்தால் எடுப்பதில்லை. "கேஸ் போட்டால் உறவு மொத்தமாக அறுந்துவிடும் என்கிறார் மாமா. போடாவிட்டால் பாப்பா உன்னை மறந்துவிடுவாள் என்கிறார் அம்மா. யார் பேச்சைக் கேட்பது?" என்பது அவர் கேள்வி.

இன்னொரு கடிதம் சென்னையிலிருந்து. கல்யாணம் செய்துகொள்ளாமல் மூன்று வருடம் சேர்ந்து வாழ்ந்து, இப்போது பிரிந்திருக்கும் ஒரு பெண். மகனுக்கு இரண்டு வயது. "சட்டப்படி அப்பாதான் கார்டியன், எப்போது வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போவேன்" என்று அவர் மிரட்டுகிறாராம்.

குடும்ப நீதிமன்ற வழக்குகளைப் பல வருடமாக நடத்திவரும் வழக்கறிஞர் நான். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "குழந்தை எனக்குக் கிடைக்குமா?" என்றுதான். நான் முதலில் யோசிப்பது வேறு: எந்த வழியில் போவது? மூன்று வயதுக் குழந்தையின் வழக்கு இரண்டு வருடம் இழுத்தால், தீர்ப்பு வரும்போது அந்தக் குழந்தைக்கு ஐந்து வயது. அதற்குள் ஒரு வீடு பழகியிருக்கும், ஒரு பள்ளிக்கூடம் பழகியிருக்கும், ஒரு பெற்றோர் முகம் மங்கியிருக்கும். பழகிய இடத்திலிருந்து குழந்தையைப் பெயர்க்க எந்த நீதிபதியும் தயங்குவார். வழக்கு நடக்கும் காலமே பாதித் தீர்ப்பை எழுதிவிடுகிறது. அதனால்தான் வழியைத் தேர்ந்தெடுப்பதில் இவ்வளவு கவனம் வேண்டும் என்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் பாதுகாப்பு. அடி, மிரட்டல், குடித்துவிட்டு வந்து கலாட்டா, குழந்தை மீது தவறான தொடுதல் என்ற சந்தேகம், இவற்றில் ஏதாவது இருந்தால் மற்றக் கணக்குகளை ஓரம் வைத்துவிடுங்கள். அங்கே சமரசம் பேசச் சொல்பவர் உறவினராக இருந்தாலும் சரி, கேட்காதீர்கள்.

அடுத்தது வேகம். இறுதித் தீர்ப்பு எப்போது வரும் என்பதைவிட, குழந்தையை முதல் முறை எப்போது பார்க்க முடியும் என்று கேளுங்கள்.

மூன்றாவது, எதிர்த்தரப்பு சொன்னபடி நடக்காவிட்டால் என்ன செய்ய முடியும். கையில் நீதிமன்ற உத்தரவு இருப்பதும் வெறும் பேச்சு இருப்பதும் வேறு வேறு என்பது இங்கேதான் தெரியும்.

நான்காவது, குழந்தை எத்தனை முறை கோர்ட் படி ஏற வேண்டியிருக்கும். இதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நான் சேர்ப்பேன்.

கடைசியில் செலவு. வக்கீல் பீஸ் அதில் ஒரு பங்குதான். ஒவ்வொரு வாய்தாவுக்கும் போகிற ஒருநாள் சம்பளம், பஸ் கட்டணம், தாத்தா பாட்டியின் தூக்கம் எல்லாம் சேர்ந்ததுதான் முழுச் செலவு.

## சட்டம் பொதுவாகச் சொல்வது

எந்த வழியில் போனாலும் நீதிமன்றம் பார்ப்பது குழந்தையின் நலன். 1890-ஆம் வருடத்து கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டத்தின் 17-ஆவது பிரிவும், 1956-ஆம் வருடத்து இந்து இளவர் (மைனர்) மற்றும் காப்பாளர் (கார்டியன்) சட்டத்தின் 13-ஆவது பிரிவும் இதைத்தான் சொல்கின்றன. 1956 சட்டத்தின் 6-ஆவது பிரிவு, முதலில் அப்பா, அவருக்குப் "பிறகு" அம்மா இயற்கைக் காப்பாளர் என்று எழுதியிருக்கிறது. அந்தப் "பிறகு" என்ற சொல்லுக்கு அப்பா செத்த பிறகு என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை, அவர் பொறுப்பில் இல்லாதபோதும் அம்மா காப்பாளர்தான் என்று 1999-இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. காப்பாளர் யார் என்பது ஒரு கேள்வி, குழந்தை யாரிடம் வளரும், அதாவது கஸ்டடி யாருக்கு என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் போட்டுக் குழப்பித்தான் பாதி மிரட்டல்கள் நடக்கின்றன.

ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாக அம்மாவிடம் இருக்க வேண்டும் என்பதும் அதே 6-ஆவது பிரிவில்தான் வருகிறது. ஐந்து முடிந்த மறுநாள் குழந்தை அப்பாவிடம் போய்விடும் என்று நினைக்கிறவர்கள் ஏராளம். அப்படி எதுவும் சட்டத்தில் கிடையாது. அம்மாவுக்குச் சம்பளம் குறைவு என்பதால் குழந்தை கிடைக்காது என்பதும் பொய். பணக் குறையை ஜீவனாம்சம் ஈடுகட்டும். குழந்தை விவரம் தெரிந்து சொல்லக்கூடிய வயதில் இருந்தால் அதன் விருப்பத்தை நீதிபதி கேட்கலாம். அதற்கு இத்தனை வயது என்று கோடு எதுவும் போடவில்லை. பெரும்பாலும் தனி அறையில் உட்கார வைத்துப் பேசுவார்கள். வீட்டில் சொல்லிக்கொடுத்து அனுப்பிய வசனம் அங்கே ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

முஸ்லிம்களுக்குச் சின்ன வயதில் குழந்தை அம்மாவிடம் வளரும் ஹிஸானத் முறை உண்டு. ஹனஃபி என்ற சட்டப் பிரிவின் வழக்கப்படி மகன் ஏழு வயது வரை, மகள் பருவமெய்தும் வரை அம்மாவிடம். கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் வருடத்து விவாகரத்துச் சட்டத்தில் தனிப் பிரிவுகள் உண்டு. இவற்றிலும் குழந்தையின் நலன் என்று வந்தால் மற்றது பின்னுக்குப் போகும்.

## ஒரே பார்வையில்

| வழி | முதல் சந்திப்பு வரை | மீறினால் | குழந்தைக்கு அலைச்சல் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| பெரியவர்கள் பேச்சு, முத்திரைத்தாள் | சில நாட்கள் | கையில் ஒன்றும் இல்லை | இல்லை | பின்னால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் |
| சமரசம், அதன்மேல் நீதிமன்ற உத்தரவு | சில வாரங்கள் | நிறைவேற்ற மனு போடலாம் | மிகக் குறைவு | பேரம் பேசுவதில் குழந்தை சிக்கலாம் |
| எதிர்த்து நடத்தும் கஸ்டடி வழக்கு | இடைக்கால மனுவைப் பொறுத்து | நிறைவேற்ற மனு, அவமதிப்பு | அதிகம் | வருடக்கணக்கில் வாய்தா, வளரும் பகை |
| குடும்ப வன்முறைச் சட்டம், பிரிவு 21 | விரைவாகக் கேட்கலாம் | மாஜிஸ்திரேட்டிடம் போகலாம் | நடுத்தரம் | தற்காலிகம் மட்டுமே |
| ஆட்கொணர்வு மனு | மிக விரைவு | உயர் நீதிமன்ற அவமதிப்பு | ஒரே நாள், ஆனால் கடுமையான நாள் | சரியான சூழ்நிலை இல்லாவிட்டால் தள்ளுபடி |

## பெரியவர்கள் பேச்சும் முத்திரைத்தாளும்

நம் ஊரில் முதலில் நடப்பது இதுதான். இரண்டு பக்கத்துப் பெரியவர்கள் உட்காருவார்கள், இல்லையென்றால் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் கூப்பிட்டு வைத்துப் பேசுவார்கள். தமிழ்நாட்டில் 1992 முதல் இந்தக் காவல் நிலையங்கள் உண்டு. புகார் என்று போய் நிற்கும் பெண்ணுக்கு அங்கே கிடைக்கும் முதல் ஆறுதலை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். முடிவில் ஒரு முத்திரைத்தாளில் எழுதுவார்கள்: "குழந்தை தாயாரிடம் இருக்கும், தகப்பனார் மாதம் ஒருமுறை வந்து பார்த்துக்கொள்ளலாம், இனி இருவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை." நோட்டரி முத்திரையும் விழும்.

இரண்டு பேருக்கும் கோபம் தணிந்திருந்தால், வீடுகள் பக்கத்தில் இருந்தால், சேரலாமா பிரியலாமா என்றே இன்னும் முடிவாகவில்லை என்றால் இதுவே போதும். பணம் மிச்சம், மானம் மிச்சம். குழந்தைக்கும் ஒன்றும் தெரியாது. ஆறு மாதம் இப்படி ஓட்டிவிட்டு மறுபடி சேர்ந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஆனால் அந்தத் தாளைத் தீர்ப்பு என்று நம்பாதீர்கள். ஒருவர் மீறினால் அதை நிறைவேற்றித் தரச் சொல்லிக் கேட்க இடம் இல்லை. போலீஸாரும் "இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள்" என்றுதான் சொல்வார்கள், சொல்ல வேண்டியதும் அதுதான். அப்புறம், அந்தத் தாளில் வழக்கமாக ஒரு வரி இருக்கும்: "குழந்தைக்காக எந்தத் தொகையும் கேட்கமாட்டேன்." குழந்தையின் ஜீவனாம்சம் குழந்தையின் உரிமை, அதை அம்மா கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்க முடியாது. முத்திரைத்தாளில் எழுதியதால் விவாகரத்தும் ஆகிவிடாது. அப்படி நம்பி இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டவர்களின் சிக்கலைத் தீர்க்க இன்னொரு கட்டுரை வேண்டும்.

இந்த வழியில் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மூன்று மாதம் என்று நாள் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குள் சந்திப்பு ஒழுங்காக நடந்தால் அதையே நீதிமன்ற உத்தரவாக மாற்றிக்கொள்ளலாம். நடக்கவில்லையென்றால் "இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்" என்று காத்திருக்காதீர்கள்.

## சமரசம் பேசி நீதிமன்ற உத்தரவு வாங்குவது

பாதுகாப்புப் பிரச்சினை இல்லாத குடும்பங்களுக்கு நான் சொல்லும் முதல் வழி இது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குப் போடும் முன்பே மனு கொடுத்துப் பேசலாம். வழக்குப் போட்ட பிறகும் நீதிபதி சமரச மையத்துக்கு அனுப்புவார். 1984-ஆம் வருடத்து குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு, முதலில் சமாதானத்துக்கு முயற்சி செய்வதை நீதிமன்றத்தின் கடமையாகவே வைத்திருக்கிறது. பேசி முடித்ததை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு, நீதிபதி ஏற்றுக்கொண்டால் அது உத்தரவு. பரஸ்பர விவாகரத்து மனுவோடும் சேர்த்துக்கொள்ளலாம். இந்துத் திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் உள்ள ஆறு மாதக் காத்திருப்பைப் பொருத்தமான வழக்குகளில் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால் காலமும் குறைந்திருக்கிறது.

இங்கே பலம் முழுவதும் எழுதுவதில் இருக்கிறது. "நியாயமான நேரங்களில் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரு வரி எழுதி முடித்த ஒப்பந்தங்கள்தான் ஒரு வருடம் கழித்து என் மேசைக்குத் திரும்பி வருகின்றன. எது நியாயமான நேரம் என்பதில்தானே சண்டையே? அதனால் நான் எழுதச் சொல்வது இப்படி: மாதத்தில் எந்தெந்தச் சனி, ஞாயிறு, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை. குழந்தையைக் கொண்டுவந்து விடுவது யார், திரும்பக் கூட்டிப்போவது யார், எந்த இடத்தில். தாமதமானால் எவ்வளவு நேரம் காத்திருப்பது, காய்ச்சலால் வர முடியாவிட்டால் ஈடாக எந்த நாள். காலாண்டு, அரையாண்டு, கோடை விடுமுறையில் யாரிடம் எத்தனை நாள். தீபாவளி இந்த வருடம் அம்மாவிடம் என்றால் பொங்கல் அப்பாவிடம், அடுத்த வருடம் மாற்றி. வீடியோ கால் எந்த நேரம், யார் போனில்.

இன்னும் சில விஷயங்கள் யாருக்கும் முன்கூட்டித் தோன்றாது. பள்ளிக்கூடம் மாற்ற வேண்டுமானால் டி.சி. வாங்குவதற்கு முன் மற்றவரிடம் சொல்ல வேண்டும் என்று எழுதுங்கள். பாஸ்போர்ட் எடுப்பது, வெளிநாடு கூட்டிப்போவது பற்றி எழுதுங்கள். மொட்டை, காதுகுத்து, மகளின் சடங்கு இவற்றுக்கும் ஒரு வரி வேண்டும். சிரிக்காதீர்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்த அம்மா வீட்டார் நாள் குறித்து, குலதெய்வக் கோயிலில் நாங்கள்தான் செய்வோம் என்று அப்பா வீட்டார் வேறு நாள் குறித்து, இரண்டு வருடம் ஒழுங்காக நடந்துவந்த சந்திப்பு அந்த ஒரு காதுகுத்தில் நின்றுபோனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இதில் உள்ள ஆபத்து பேரம். "குழந்தையைக் கொடு, விவாகரத்துக்குக் கையெழுத்துப் போடுகிறேன்." "நகையைக் கேட்காமல் இருந்தால் பார்க்க விடுகிறேன்." களைப்பில் ஒத்துக்கொள்கிறவர் பெரும்பாலும் பெண். பிறந்த வீட்டில் தங்க இடம் இல்லாத பெண் என்றால் இன்னும் சீக்கிரம் ஒத்துக்கொள்வார். சம்மதத்தின் பேரில் குடும்ப நீதிமன்றம் போட்ட உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். சூழ்நிலை மாறினால் மாற்றக் கேட்டு மனுப் போடலாம். குழந்தை பற்றிய எந்த உத்தரவும் அதன் இயல்பிலேயே தற்காலிகமானதுதான் என்று 1973-லேயே, சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் மாறிய சூழ்நிலையைக் காட்டும் சுமை உங்கள் தலையில் விழும். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

வாரம் பாதி அங்கே, பாதி இங்கே என்று சரிபாதியாகப் பகிர்வது பற்றியும் கேட்கிறார்கள். அதை வகுத்துச் சொல்லும் சட்டம் இன்னும் இங்கே இல்லை. 2015-இல் சட்ட ஆணையம் தன் 257-ஆவது அறிக்கையில் பரிந்துரை செய்தது, சட்டமாகவில்லை. இருவரும் ஒத்துக்கொண்டால் நீதிமன்றம் அனுமதிக்கும். இரண்டு வீடும் ஒரே பள்ளி வேனின் பாதையில் இருந்தால் முயன்று பாருங்கள். பெற்றோர் நேராகப் பேசிக்கொள்ளக்கூட முடியாத நிலையில் அதைக் கேட்காதீர்கள், குழந்தை தபால்காரனாகிவிடும்.

## எதிர்த்து நடத்தும் வழக்கு

மற்றவர் பேசவே வரவில்லை, பார்க்கவே விடவில்லை என்றால் வழக்குத்தான். விவாகரத்து வழக்கு ஏற்கெனவே ஓடினால் இந்துத் திருமணச் சட்டத்தின் 26-ஆவது பிரிவில் அதிலேயே கேட்கலாம். இல்லையென்றால் கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டத்தில் தனி ஓ.பி. (அசல் மனு). குடும்ப நீதிமன்றம் இல்லாத இடத்தில் மாவட்ட நீதிமன்றம். எந்த ஊர் என்பது முக்கியம்: அந்தச் சட்டத்தின் 9-ஆவது பிரிவுப்படி குழந்தை சாதாரணமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்தில்தான் போட வேண்டும். நீங்கள் இருக்கும் ஊர் கணக்கில் வராது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் பயணம் இருக்கிறது என்பதை முதலிலேயே கணக்குப் போடுங்கள். வக்கீலை மட்டும் அனுப்பிவிட்டு வேலைக்குப் போய்விடலாம் என்ற எண்ணமும் குடும்ப நீதிமன்றத்தில் அவ்வளவாகச் செல்லாது. அங்கே வக்கீல் வைப்பதே உரிமையாக இல்லாமல் அனுமதியின் பேரில்தான். கட்சிக்காரரை நேரில் பார்க்கத்தான் நீதிபதி விரும்புவார்.

பெரிய தவறு ஒன்று இங்கே நடக்கிறது. கஸ்டடி கேட்டு மனுவைப் போட்டுவிட்டு இடைக்காலச் சந்திப்புக்கு மனுப் போடாமல் இருந்துவிடுகிறார்கள். "முழுசா வாங்கிக்கொள்ளலாம், எதற்கு ரெண்டு மணி நேரம்?" என்ற ரோஷம். அந்த ரோஷத்தில் போவது குழந்தையோடு கழிய வேண்டிய வருடங்கள். கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டத்தின் 12-ஆவது பிரிவில் இடைக்கால உத்தரவு கேட்கலாம். ஓ.பி. தாக்கல் செய்யும் அன்றே அதையும் தாக்கல் செய்யுங்கள்.

முதலில் கிடைப்பது பெரும்பாலும் நீதிமன்ற வளாகத்தில், சனிக்கிழமை ஓரிரு மணி நேரம். பொம்மை, பிஸ்கட் பாக்கெட், புது கவுன் எல்லாம் வாங்கிக்கொண்டு வரும் அப்பாவைப் பார்த்துக் குழந்தை அம்மாவின் முந்தானைக்குள் ஒளியும். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் வயதான மனிதருக்கு அது தன் பேத்தி என்று சொல்லிக்கொள்ளக்கூடத் தயக்கமாக இருக்கும். அந்த அறையின் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனாலும் போகச் சொல்வேன். மூன்றாவது வாரம் குழந்தை பொம்மையைக் கையில் வாங்கும், ஐந்தாவது வாரம் மடியில் உட்காரும். ஒரு வாரம்கூடத் தவறாமல் போனவருக்குத்தான் அடுத்த மனுவில் பூங்காவிலோ வீட்டிலோ பகல் முழுவதும் கேட்க வாய் வரும், அதற்கப்புறம் இரவு தங்கல். ஒரே பாய்ச்சலில் இரவு தங்கல் கேட்டு மறுக்கப்பட்டவர்களைவிட, படிப்படியாகக் கேட்டவர்கள் சீக்கிரம் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

வீடியோ காலைக் கேட்க மறக்காதீர்கள். நேரில் பார்ப்பது தவிர, தொடர்பில் இருப்பதும் உரிமை என்றும், தினமும் ஐந்து பத்து நிமிடமாவது பேச வழி வேண்டும் என்றும் 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வெளியூர்ப் பெற்றோருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

மறைந்த செலவு என்றால் எழுத்தில் வரும் விஷம். மனுவில் ஒருவரை ஒருவர் நடத்தை கெட்டவர் என்று எழுதுகிறார்கள். அந்தக் காகிதம் அழியாமல் கிடக்கும். பதினாறு வயதில் பிள்ளை அதை எடுத்துப் படிக்கும் வீடுகள் உண்டு. மனு வரைவை உங்கள் வக்கீல் காட்டும்போது, தேவையில்லாத வசவை அடிக்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 1987-ஆம் வருடத்துச் சட்டப் பணிகள் சட்டத்தின்படி வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. ஆண்களுக்குப் பொதுவாக வருமான வரம்பு இருக்கிறது.

## அடி உதை இருக்கும் வீட்டில்

2005-ஆம் வருடத்துக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவில், பாதிக்கப்பட்ட பெண் மாஜிஸ்திரேட்டிடம் குழந்தையின் தற்காலிகக் கஸ்டடி கேட்கலாம். அதே மனுவில் பாதுகாப்பு உத்தரவு, வீட்டில் வசிக்கும் உரிமை, பணம் எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்கலாம் என்பது இதன் பெரிய வசதி. எதிர்த்தரப்பின் சந்திப்பு குழந்தைக்குக் கெடுதல் என்று பட்டால் மாஜிஸ்திரேட் அதை மறுக்க முடியும். 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட நீளும், இடைக்கால உத்தரவை நம்பியே போங்கள். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர் மூலமாகவும் மனுக் கொடுக்கலாம். அவசரத்துக்குப் பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098.

ஆண்கள் இந்த வழியில் போக முடியாது. அம்மாவிடம் குழந்தைக்கு ஆபத்து என்று நினைக்கும் அப்பா குடும்ப நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். இங்கே கிடைப்பது தற்காலிகம் என்பதால் நிரந்தரத்துக்குப் பெண்ணும் ஒருநாள் அங்கே போக வேண்டியிருக்கும்.

சண்டையில் ஒரு கை கூடுதலாக இருக்கட்டும் என்று, நடக்காத வன்முறையைச் சேர்த்து எழுதச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் அப்படி எழுதித் தருவதில்லை. உண்மையாக அடிபட்டு வரும் அடுத்த பெண்ணின் பேச்சை அது எடையில்லாமல் செய்துவிடுகிறது.

## ஆட்கொணர்வு மனு

குழந்தையைச் சட்டத்துக்குப் புறம்பாக ஒருவர் பிடித்து வைத்திருக்கிறார் என்று சென்னை உயர் நீதிமன்றத்திலோ அதன் மதுரைக் கிளையிலோ போடுவது. பால் குடிக்கும் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள், எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, பெற்றோரில் ஒருவர் இறந்தபின் உறவினர்கள் கொடுக்க மறுக்கிறார்கள், இப்படிப்பட்ட நேரத்துக்கு உரியது. தாய் இறந்தபின் தாய்வழி உறவினர் வைத்திருந்த குழந்தையைத் தகப்பனிடம் ஒப்படைக்கச் சொன்ன உத்தரவை 2019-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பெற்றோர் இருவரில் ஒருவரிடம் சும்மா இருக்கும் குழந்தைக்காகப் போனால், "குடும்ப நீதிமன்றத்துக்குப் போங்கள்" என்று திருப்பிவிடுவார்கள். சாட்சி விசாரித்து ஆராயும் இடம் அது இல்லை.

வேகம் இருக்கிறது, அதற்கு விலையும் இருக்கிறது. போலீஸ் வந்து கூட்டிப்போன நாளைக் குழந்தை மறக்காது.

வெளிநாட்டிலிருந்து குழந்தையோடு வந்துவிட்டவர்கள் சிலர் இந்த வழியைச் சந்திக்க நேரும். குழந்தைக் கடத்தல் பற்றிய 1980-ஆம் வருடத்து ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. வெளிநாட்டு நீதிமன்ற உத்தரவு இங்கே கணக்கில் எடுக்கப்படும், ஆனால் குழந்தையின் நலனுக்கு மேல் நிற்காது என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

## கல்யாணம் ஆகாத பெற்றோருக்கு

சென்னைப் பெண்ணுக்கு என் பதில்: அவர் சொல்வது தவறு. நீங்கள் இருவரும் இந்துக்கள் என்றால் 1956 சட்டத்தின் 6-ஆவது பிரிவின்படி கல்யாணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்கு முதல் இயற்கைக் காப்பாளர் அம்மா, அப்புறம்தான் அப்பா. 2015-இல் ஒரு கிறிஸ்தவப் பெண்ணின் வழக்கில், கல்யாணம் ஆகாத அம்மா காப்பாளராகக் கேட்கும்போது அப்பாவின் பெயரைச் சொல்லவோ அவருக்கு நோட்டீஸ் அனுப்பவோ கட்டாயம் இல்லை என்றும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அவர் தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்ற பயம் உண்மையாக இருந்தால் குடும்ப வன்முறைச் சட்டம் உங்களுக்கும் உண்டு. கல்யாணம் போன்ற உறவில் வாழ்ந்தவர்களையும் அது சேர்த்துக்கொள்கிறது. எப்படிப்பட்ட உறவு அதில் வரும் என்பதற்கு 2010-இல், கோவைக் குடும்ப நீதிமன்றத்தில் தொடங்கிய ஒரு வழக்கில், உச்ச நீதிமன்றம் அளவுகோல்கள் சொன்னது. கணிசமான காலம் சேர்ந்து வாழ்ந்திருப்பதும் ஊர் அறிய கணவன் மனைவியாக நடந்துகொண்டதும் அதில் முக்கியம். வாடகை ஒப்பந்தம், கேஸ் இணைப்பு, ஆஸ்பத்திரிப் பதிவு எதையும் தூக்கிப் போடாதீர்கள். குழந்தைக்கு ஜீவனாம்சம் கேட்கப் பெற்றோர் கல்யாணம் செய்திருக்க வேண்டும் என்பதில்லை.

ஆனால் அவரைக் குழந்தையின் வாழ்க்கையிலிருந்து அழித்துவிடவும் இந்தச் சட்டங்களைப் பயன்படுத்தாதீர்கள். மிரட்டல் நின்று, பார்க்க மட்டும் கேட்கிறார் என்றால் சமரச மையத்தில் வைத்து நேரம் குறித்துக் கொடுங்கள். கல்யாணம் ஆகாத அப்பாக்களும் எனக்கு எழுதுகிறார்கள். அவர்களுக்கு இருக்கும் வழி கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் மனுதான். தகப்பன் என்பதை ஒத்துக்கொண்டு, ஜீவனாம்சத்தைக் கேட்காமலே அனுப்பிவந்தவரின் மனுவை நீதிபதி வேறு கண்ணோடு பார்ப்பார்.

பணமும் சந்திப்பும் ஒன்றுக்கொன்று விலை கிடையாது. பார்க்க விடவில்லை என்று பணத்தை நிறுத்தக்கூடாது, பணம் வரவில்லை என்று கதவைச் சாத்தவும் கூடாது. இரண்டுக்கும் தனித்தனி மனு இருக்கிறது.

## திருப்பூர்க்காரருக்கு

உங்கள் மாமாவும் அம்மாவும் இருவருமே பாதி சரி. வன்முறை எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஏழு மாதமாகப் பேச்சு எடுபடவில்லை, அதனால் முத்திரைத்தாள் காலம் தாண்டிவிட்டது. பாப்பா அம்மாவிடம்தான் இருக்கிறாள், வயதும் ஐந்துக்குள், எனவே ஆட்கொணர்வு மனு என்று யாராவது சொன்னால் பணத்தை வீணாக்காதீர்கள். முழுக் கஸ்டடி கேட்டுப் போனாலும் இந்த வயதில் கிடைப்பது கடினம். அப்படிக் கேட்டவுடன் தேவகோட்டை வீட்டில் கதவு இன்னும் இறுகும்.

தேவகோட்டைக்கு அதிகாரம் உள்ள நீதிமன்றத்தில் சந்திப்பு உரிமை கேட்டு மனுப் போடுங்கள். அதே நாளில் இடைக்கால மனு: மாதம் இரண்டு சனிக்கிழமை, தினமும் இரவு ஏழரைக்குப் பத்து நிமிட வீடியோ கால். முதல் வாய்தாவிலேயே சமரச மையத்துக்கு அனுப்பும்படி நீங்களாகவே கேளுங்கள். நோட்டீஸ் போய்ச் சேரும் முன் மனைவிக்குக் கையால் ஒரு கடிதம் எழுதுங்கள். மகளைப் பிரிக்க வரவில்லை, பார்க்கத்தான் வருகிறேன் என்று அதில் இருக்கட்டும். பள்ளிக் கட்டணம் எவ்வளவு என்று விசாரித்து உங்கள் பங்கை வங்கி மூலம் அனுப்பத் தொடங்குங்கள்.

முதல் சந்திப்புக்குப் போகும்போது பெரிய பொம்மை வேண்டாம். வீட்டில் அவள் விளையாடி விட்டுப்போன பழைய சாமான் ஏதாவது இருந்தால் அதை எடுத்துக்கொண்டு போங்கள்.